வத்சலாவின் ஒன்பதாவது வரி

கப்பலின் நீளம் நூற்றுப் பதினெட்டு மீட்டர். இதில் சந்தேகம் இல்லை. கட்டி முடித்தது 1970, கடற்படையில் சேர்ந்தது 1971 பிப்ரவரி, ஓய்வு பெற்றது 2002 மார்ச், இவற்றிலும் சந்தேகம் இல்லை, மூன்று வெவ்வேறு காகிதங்களில் பார்த்துவிட்டேன். பெயர் வத்சலா. வகை, பழுதுபார்க்கும் துணைக் கப்பல். அதாவது மற்ற கப்பல்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவை வந்து பக்கத்தில் கட்டிக்கொள்ளும், இவள் பார்த்து அனுப்பிவைப்பாள். இவள் என்று எழுதக்கூடாது என்று கமாண்டர் சார் முதல் வாரமே சொல்லிவிட்டார், கல்லில் ‘இக்கப்பல்’ என்றுதான் வரவேண்டும். மனதுக்குள் எப்படி நினைத்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது. மணி மூன்று ஐந்து. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வயர் பின்னியது, எழுந்தால் முழங்காலுக்குப் பின்னால் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் கமாண்டர் ரகோத்தமன் சார் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். விட்டபின் இருபது நிமிடம் கண்ணைத் திறக்கக்கூடாது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, போன மாதம் ஒன்று, போன வாரம் ஒன்று, புதுக் கண்ணாடி வர இன்னும் பத்து நாள் ஆகும், அதுவரை எழுத்து எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் நான் படிக்க வேண்டும். இருபத்திரண்டு வரி. படித்து முடித்தால் கையெழுத்துப் போடுவார். நாலு மணிக்குக் கல் பட்டறையிலிருந்து தசரதன் வந்து தாளை வாங்கிக்கொண்டு போவார், நாளைக்கு உளி வைத்துவிடுவார்கள். மடியில் இருக்கும் கோப்பில் இரண்டு தாள். இரண்டிலும் வத்சலாவின் சேவை வரலாறு, இரண்டிலும் இருபத்திரண்டு வரி. ஒன்பதாவது வரி மட்டும் வேறு. எந்தத் தாளைப் படிக்கப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சுலோச்சனா அக்கா தேநீர் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். இந்த அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர்தான், சார், அக்கா, நான். வத்சலாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கம், பாரிமுனைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி, கீழே பாத்திரக்கடை. ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும், கடல் தெரியாது. வத்சலாவை உடைத்துவிட்டார்கள், நங்கூரத்தை மட்டும் எப்படியோ கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், அதை ஒரு பூங்கா வாசலில் நிறுத்தி, பக்கத்தில் கருங்கல்லில் வரலாறு எழுதப்போகிறார்கள். அதற்காகத்தான் வரலாறு படித்த ஒரு பெண் வேண்டுமென்று கேட்டார்கள், ஆறு மாதத்துக்கு. அப்பா பேப்பரில் பார்த்து, போ, பேச வேண்டியதில்லை, எழுதுகிற வேலைதான் என்றார். பேச வேண்டியதில்லை என்றதால்தான் வந்தேன். என்ன கண்ணு, காப்பியடிச்சு மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி உக்காந்திருக்க, என்று அக்கா கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே போய் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிட வேண்டியதுதானே, அவர் என்ன கடித்தா தின்னப்போகிறார், இந்தக் கண்ணோடு கடிக்கவும் முடியாது, குறி தப்பிவிடும் என்கிறார். சிரித்தேன். தேநீரில் ஏடு படிகிறது. அக்காவிடம் சொல்லிப் பார்க்கலாமா, ஒத்திகை மாதிரி. சார், ஒன்பதாவது வரி. சார், அந்த ஒன்பதாவது வரியில் ஒரு சின்ன. சின்ன இல்லை. சின்ன என்று ஆரம்பித்தால் சின்னதாகிவிடும். அக்கா உள்ளே போய்விட்டார், கதவு சாத்தும்போது மருந்து வாசனை வெளியே வந்தது.

ஒன்பதாவது வரியை அவர்தான் சொன்னார், நான்தான் எழுதினேன். மார்ச் மாதம். அப்போது அவருக்குக் கண் ஓரளவு தெரிந்தது, ஆனாலும் பேசிக்கொண்டே நடப்பார், நான் எழுத வேண்டும், கப்பலில் நடந்த பழக்கம் போல, ஜன்னல்வரை போய்த் திரும்பி அலமாரிவரை. எட்டாவது வரி எளிது, புயலடித்த கடலோர ஊர் ஒன்றுக்குப் பதினோரு நாள் குடிநீர் காய்ச்சித் தந்தது. வத்சலாவின் வரலாற்றில் இந்த மாதிரி விஷயங்கள்தான், சண்டை கிடையாது, பீரங்கி இரண்டு இருந்தது, ஒரு தடவையும் சுடவில்லை. முப்பத்தொரு ஆண்டில் கடலில் ஓடிய நாட்கள் எழுநூற்றுச் சொச்சம், மீதி முழுக்கக் கயிற்றில் கட்டப்பட்டே நின்றிருக்கிறாள், பக்கத்தில் யாராவது ஒருவருக்கு வெல்டிங் நடந்துகொண்டிருக்கும். ஒரு தீவுப் பள்ளிக்கூடத்து மணியின் நாக்கு உடைந்துபோய், வத்சலாவின் வார்ப்படச் சாலையில் புது நாக்கு வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அது ஏழாவது வரி, எனக்கு மிகவும் பிடித்த வரி. எட்டு முடிந்ததும் சார் நின்றார். எழுது, என்றார். முப்பத்தொரு ஆண்டுகளில் தன் தளத்தில் ஓர் உயிரையும் இழக்காத பெருமை இக்கப்பலுக்கு உண்டு. எழுதினேன். படி என்றார், படித்தேன். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் படித்தேன். இன்னொரு தடவை. மூன்று தடவை எந்த வரியையும் அவர் படிக்கச் சொன்னதில்லை. பெருமையாக இருக்கிறது போல, கேட்கக் கேட்க ஆசை போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அலமாரியின் பக்கம் திரும்பி நின்றிருந்தார், முகம் தெரியவில்லை. மூன்றாவது தடவை படித்தபின் சரி என்று சொன்னாரா, சொல்லவில்லையா. பத்தாவது என்றார், அது நினைவிருக்கிறது. நேராகப் பத்தாவதுக்குப் போய்விட்டார்.

அதற்கு அப்புறம்தான் தகரப் பெட்டிகளைத் திறந்தேன். ஏழு பெட்டி, எல்லாம் வேலைச் சீட்டு. பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு கப்பலும் தன் குறைகளைப் பட்டியல் போட்டுத் தரும், ஒவ்வொரு குறைக்கும் வத்சலாவில் ஒரு சீட்டு எழுதுவார்கள். எந்தக் கப்பல், என்ன குறை, யார் செய்தார், தொடங்கிய நேரம், முடித்த நேரம், அதிகாரி கையெழுத்து. பதினான்காயிரம் இருக்கலாம், நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன், யாரும் பார்க்கச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் விரல் நுனியெல்லாம் துருப்பொடி, சோற்றில் கை வைக்க யோசனையாக இருக்கும். முதல் பெட்டி முடிந்தபோது ஏதோ உறுத்தியது, இரண்டாவது முடிந்தபோது என்னவென்று தெரிந்தது. கப்பல் என்ற கட்டத்தில் ஒரு சீட்டில்கூட வத்சலாவின் பெயர் இல்லை. முப்பத்தொரு ஆண்டு ஒரு கப்பலுக்கு ஒரு குழாய்கூடவா ஒழுகாது. சாரிடம் கேட்க நா எழவில்லை. ஆவடியில் இருக்கும் மாசிலாமணி சாருக்குப் போன் செய்தேன், வத்சலாவின் பட்டறையில் சீஃபாக இருந்தவர், எல்லோரும் இன்னும் சீஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள், போனில் பேசுவது எனக்குக் கொஞ்சம் எளிது, முகம் இல்லை. சீஃப் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மாமி தனக்குத் தலைவலி என்று சொல்லக்கூடாது பாப்பா, அதுதான் சட்டம் என்றார். வத்சலாவில் தமிழாட்கள் கப்பலை மாமி என்றுதான் சொல்வார்களாம். மாமிக்கு ஏதாவது பழுது என்றால் கரையில் இருக்கும் தளத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு ஏழு மாதம் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருக்க முடியுமா. அதனால் அன்றைக்குப் பக்கத்தில் எந்தக் கப்பல் கட்டியிருக்கிறதோ அதன் பெயரில் சீட்டு எழுதி, சாமான் வாங்கி, மாமியின் வேலையை முடித்துக்கொள்வார்கள். விருந்தாளி பேர்ல போடு, அதுதான் பேச்சு. வந்த விருந்தாளிக்கே தெரியாது. யாருக்கும் நஷ்டமில்லை பாப்பா, விருந்தாளி வந்தா வீட்டுக்காரங்களுக்கும்தானே வடை கிடைக்கும் என்றார். நானும் சிரித்தேன். அப்போது அந்தச் சீட்டு நான்காவது பெட்டியில் இருந்தது, நான் இன்னும் அதைத் திறக்கவில்லை.

மூன்று பதினைந்து. இன்னும் பத்து நிமிடம். கீழே பாத்திரக்கடையில் எதையோ போட்டுவிட்டார்கள், அது உருண்டு உருண்டு நிற்கிற சத்தம். அந்தச் சீட்டை நான் மனப்பாடமாகச் சொல்வேன். தேதி 14.10.1987. கப்பல், துங்கா. குறை, மூன்றாம் எண் நன்னீர்த் தொட்டி, உட்புறம் துரு சுரண்டி வர்ணம் பூசுதல். செய்பவர், மாலுமி கோ. தணிகாசலம். தொடங்கிய நேரம் 9.10. முடித்த நேரம், வெற்றிடம். எந்தச் சீட்டிலும் முடித்த நேரம் வெற்றிடமாக இல்லை. பின்பக்கம் வேறு மையில், விபத்து, தனி அறிக்கை காண்க. தனி அறிக்கை ஏழு பெட்டியிலும் இல்லை. கையெழுத்து, லெப்டினென்ட் ரகோத்தமன், அப்போதே ‘ர’வுக்கு மேலே இன்றைக்கும் போடுகிற அந்தக் கொக்கி. துங்கா ஒரு கண்ணிவாரிக் கப்பல், கடலுக்குள் பதித்த வெடிகளை வாருவது. துறைமுகத்தின் வரவு போக்குப் பதிவேட்டின் நகல் நம்மிடமே இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். துங்கா 13.10.1987 காலை 5.40க்குக் கிளம்பிப் போயிருக்கிறது. கிளம்பிப்போன கப்பலின் தொட்டிக்குள் மறுநாள் ஒன்பது பத்துக்கு ஒருவர் எப்படி இறங்குவார். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு ரயிலில் போய்வந்தேன். மறுபடியும் சீஃப். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும், பக்கத்தில் கட்டியிருக்கிற கப்பல்களின் பெயரைச் சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார்கள், சனிக்கிழமைதான் அழிப்பார்கள் என்றார். துங்கா போனது செவ்வாய். புதன்கிழமை காலை பலகையில் துங்கா இருந்தது. பலகையைப் பார்த்துச் சீட்டு எழுதியாகிவிட்டது, ஆள் இறங்கியாகிவிட்டது. யார் தொட்டி என்று கேட்டேன். மாமியுடையதுதான் என்றார். பிறகு, நான் அந்த வாரம் லீவுல இருந்தேன் பாப்பா, எனக்குத் தெரியும்னு சொல்வேன், பார்த்தேன்னு சொல்லமாட்டேன் என்றார். பூட்டிக் கிடந்த தொட்டிக்குள் துரு காற்றைக் குடித்துவிடுமாம். இரும்பு துருப்பிடிப்பது என்றால் மூச்சு விடுவது போலத்தான், உள்ளே இருக்கிற நல்ல காற்றையெல்லாம் இரும்பே இழுத்துக்கொள்ளும், பார்த்தால் ஒன்றும் தெரியாது, புகை இல்லை, வாடை இல்லை, ஏணியில் நாலு படி இறங்கினால் கால் மடங்கிவிடும். இதைக் கேட்டதிலிருந்து லிப்டில் ஏறுவதில்லை. மூன்று மாடி என்றாலும் படிதான்.

அதற்கப்புறம் கடிதங்கள். விபத்தைப் பற்றிக் கேட்டதற்குத் துங்காவிலிருந்து அப்போதே பதில் எழுதியிருக்கிறார்கள், அன்றைய தேதியில் எங்கள் கப்பல் கடலில் இருந்தது, எங்களிடம் உயிரிழப்பு எதுவும் இல்லை. சரிதான், அவர்களிடம் இல்லை. வத்சலாவின் ஆண்டறிக்கை, இக்கப்பலில் அவ்வாண்டு சொந்தப் பழுது வேலை எதுவும் நடைபெறவில்லை, உயிரிழப்பு இல்லை. சீட்டுப்படி அதுவும் சரிதான். தணிகாசலத்தின் வீட்டுக்குப் போன காகிதத்தில், துறைமுகத்தில், பணியின்போது என்று மட்டும். அதைப் பூங்காவனம் அம்மா எனக்குப் போனிலேயே படித்துக் காட்டினார். அவருடைய அக்கா, குடியாத்தம் பக்கம், வயது எழுபதைத் தொடப்போகிறது. சீஃப்தான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமைதோறும் கூப்பிடுவார், அன்றைக்கு அவர்கள் பக்கம் மூன்று மணிக்குத்தான் கரண்ட் வந்து மோட்டார் ஓடும், மோட்டார் ஓடும் நேரத்தில் வேறு வேலை இல்லை என்று. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தத்தில்தான் எங்கள் பேச்சு. அழமாட்டார். அழுதால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், அழுகிறவர்களுக்குச் சொல்ல நாலு வார்த்தை எல்லோரிடமும் இருக்கிறது. தணிகாசலம் இருபத்துநாலு வயதில் போனவர், நெட்டையாம், ஊருக்கு வந்தால் வீட்டுக் கதவின் கீல், கிணற்று உருளை, பக்கத்து வீட்டு சைக்கிள் என்று எதையாவது கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பாராம். போன வாரம் சொன்னார், கல்லு வெக்கிறாங்களாமே, எந்தக் கப்பல்னு கேட்டா ரெண்டும் எங்களுது இல்லன்றாங்க, அப்ப என் தம்பி நடுத்தண்ணியிலயா செத்தான், நீயே சொல்லும்மா. கேள்வியாகக் கேட்கவில்லை, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். பேர் வந்தா சொல்லு, பஸ் புடிச்சு வந்து பாத்துட்டுப் போறேன், வரலன்னா வீணா எதுக்கு அலையணும் என்றார். பார்க்கிறேன்மா என்றேன். இந்தப் பார்க்கிறேனை வாழ்க்கையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இன்றைக்குச் செவ்வாய். நாளைக்கு மூன்று மணிக்குப் போன் வரும், அப்போது கல்லில் ஒன்பதாவது வரி இருக்கும், இதுவோ அதுவோ.

இரண்டாவது தாளைப் போன வெள்ளிக்கிழமை தட்டினேன். 14.10.1987 அன்று இக்கப்பலின் மூன்றாம் எண் நன்னீர்த் தொட்டியில் பணியிலிருந்த மாலுமி கோ. தணிகாசலம் உயிர்நீத்தார். இது நீளம், தசரதன் சொன்ன அளவுக்குள் அடங்கவில்லை, பத்தாவது வரியில் இரண்டு ‘சிறப்பாக’ இருந்தது, இரண்டு தாளிலுமே அவற்றை எடுத்தேன், அடங்கிவிட்டது. உயிர்நீத்தாரா இறந்தாரா என்று அரை நாள் யோசித்தேன். வாயால் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வேன். கல்லூரியில் கடைசி நாள் வாய்மொழித் தேர்வில் பதில் தெரியும், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்டதும் தெரியும், தெரிந்துகொண்டே தரையில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தப் பெண்ணுக்கு வரவில்லை என்று அவர் எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன், பல தடவை. இப்போது கூச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. சாருக்கு எழுத்து தெரியாது. முதல் தாளைப் படித்துக் காட்டலாம், ஓர் உயிரையும் இழக்காத பெருமை, அவர் தலையாட்டுவார், இரண்டாவது தாளை நீட்டி, விரலைப் பிடித்து இடம் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். தசரதன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு சத்தமும் இல்லை. பேர் வந்துவிடும், பூங்காவனம் அம்மா பஸ் பிடித்து வந்துவிடுவார். பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்து சார் கல்லைப் பார்க்கும்போது என் ஆறு மாதம் முடிந்திருக்கும். சனிக்கிழமை முழுக்க இந்த யோசனை இனித்தது. ஞாயிற்றுக்கிழமை துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, இதற்கு வத்சலாவில் பெயர் இருக்கிறது. விருந்தாளி பேரில் போடுவது. வேலை உன்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது, அவருக்கே தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. தணிகாசலத்தை எந்தக் கப்பலும் இல்லாமல் ஆக்கியது இதே வேலைதான். கை ஈரத்தோடு அப்படியே நின்றேன், அம்மா மேலேயிருந்து, குழாயை மூடுடி, தண்ணி போவுது என்றார்.

சார் நல்லவர், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் கோபத்தில் சொல்லிவிடலாம். நான் மெதுவாகப் பேசுகிறேன் என்று ஒரு நாளும் சத்தமாகச் சொல் என்று சொன்னதில்லை, அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொள்வார். ஆவணக் காப்பகத்து வேலைக்கு எனக்காகக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கண்ணாடி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று. சீட்டு எழுதிய அன்றைக்கு அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு இப்போது இருபத்துநாலு. சாகடிக்க வேண்டுமென்று எழுதவில்லை, எல்லோரும் எழுதியது போலத்தான் எழுதினார், பலகையைப் பார்த்து. பிறகு திருத்தியிருக்கலாம். திருத்தினால் பதினாறு வருடமாக எழுதிய எல்லாச் சீட்டும் பொய் என்று ஆகியிருக்கும், அவருக்கு மேலே இருந்தவர்கள் விட்டிருப்பார்களா. இது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் ஏன் அவருக்காக யோசிக்கிறேன். ஒருவேளை மறந்துவிட்டாரோ. முப்பத்தேழு ஆண்டு. இல்லை, மூன்று தடவை படிக்கச் சொன்னாரே. மறந்தவர் மூன்று தடவை கேட்பாரா. நான் படிக்கும்போது எங்காவது தடுமாறுகிறேனா என்று கவனித்தாரா. அப்போது பெட்டியைத் திறக்கவில்லை சார், அதனால் தடுமாறவில்லை. மூன்று இருபத்தாறு. கதவு திறந்தது. சுலோச்சனா அக்கா, சாருமதி, வாம்மா, ஐயா எழுந்துட்டாரு என்றார். எழுந்தேன். தேநீர் ஏடோடு அங்கேயே இருந்தது.

சார் கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் மருந்து வழிந்த ஈரம், அக்கா துணியால் ஒற்றி எடுத்தார். வந்தாச்சா, படி, தசரதன் வந்துவிடுவான் என்றார். வழக்கம்போல நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். கோப்பைத் திறந்தேன். மேலே இருந்தது முதல் தாள். அதை எடுத்து அடியில் வைத்தேன், காகிதம் உரசும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், தலையைக் கொஞ்சம் சாய்த்தார். ஒன்றாவது வரி, நீளம், எடை, ஆண்டு. என் குரல் எனக்கே கேட்டது, பரவாயில்லை. மணியின் நாக்குக்கு அவர் லேசாகச் சிரித்தார். பதினோரு நாள் குடிநீர். பிறகு நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் படித்தேன், தேதி, இக்கப்பலின், மூன்றாம் எண் நன்னீர்த் தொட்டியில், பணியிலிருந்த, மாலுமி கோ. தணிகாசலம், உயிர்நீத்தார். படித்தேன். அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். மேலே விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக் என்றது, எண்ணினேன், பதினொன்று, பன்னிரண்டு. வேண்டுமானால் பழைய வரி அடியில் இருக்கிறது சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இந்த ஒரு தடவை சொல்லாமல் இருந்தது கூச்சத்தினால் இல்லை.

“எத்தனாவது தொட்டின்னு படிச்ச?” என்றார்.

“மூணு, சார். சீட்டுல மூணுன்னுதான் இருக்கு.”

“துங்காவுக்கு மொத்தமே மூணு தொட்டிதான். அதனால மூணுன்னு எழுதினேன்.” கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்து எதையோ அளப்பதுபோல் விரல்களை விரித்தார். “அது நம்ம கப்பல்ல நாலு. இடது பக்கம், என்ஜின் அறைக்கு முன்னால. மூடியத் திறந்தா ஒரு நாள் முழுக்கக் காத்தாட விடணும். அரை மணி நேரம் விட்டோம். நான்தான் போதும்னேன்.”

எழுதிக்கொள்வதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ.

“அதெல்லாம் கல்லுல வேணாம். நாலுன்னு மட்டும் மாத்து.”

மூன்றாம் என்பதை அடித்து மேலே நான்காம் என்று எழுதினேன். அடுத்த வரி என்றார். அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று தாளில் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது, பிறகு கிடைத்தது, படித்தேன்.